பெண்ணிய ஆய்வுக்கும் கருத்தரங்குக்கும் அரசு நிதி: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில மாதங்களுக்கு முன், புதிதாக வேலையில் சேர்ந்த ஓர் உதவிப் பேராசிரியை தொலைபேசியில் கேட்டார்: "மேடம், தலைப்பிலேயே பெண்ணியம் என்று போட்டால் பணம் தருவார்களா? இல்லை, பெண்கள் முன்னேற்றம் என்று மாற்றிவிடட்டுமா?" தலைப்பை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் மூன்று கேள்வி கேட்டேன். உங்கள் கல்லூரிக்கு மத்திய நிதி வாங்கும் 12(பி) தகுதி இருக்கிறதா? உங்கள் பணி நிரந்தரமா? எந்த அமைப்பிடம், எந்தத் திட்டத்தின் கீழ் கேட்கப் போகிறீர்கள்? மூன்றுக்குமே அவரிடம் பதில் இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. முதுகலையிலும் சரி, பிஎச்.டி.யிலும் சரி, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதி வைத்தால் அடுத்து கேட்பவருக்கு உதவும் என்றுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, இந்திய அரசிடமோ மாநில அரசிடமோ நிதி கேட்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், கூச்சத்தை விடுங்கள்

"இதற்கெல்லாம் எதற்கு அரசாங்கப் பணம்?" என்ற கேள்வியை உங்கள் துறையிலேயே யாராவது கேட்பார்கள். பதில் தெரிந்திருக்க வேண்டும். வாதாடுவதற்காக மட்டும் சொல்லவில்லை; விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை எழுதவே இது உதவும்.

1971-ல் இந்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. தலைவர் பூல்ரேணு குஹா, உறுப்பினர்-செயலர் வீணா மஜும்தார். 1974-ல் அவர்கள் கொடுத்த 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கை, சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகியும் பெண்கள் பல வகையில் பின்னுக்குப் போயிருக்கிறார்கள் என்று காட்டியது. 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள். 1971-ல் 930. இந்த எண்கள் மக்கள்தொகைக் கணக்கில் எல்லோர் கண் முன்னாலும்தான் கிடந்தன. அவற்றைப் பெண்களின் உயிர்க் கேள்வியாக எடுத்துவைத்தது அரசு நிதியில் நடந்த ஓர் ஆய்வு.

அதன் பிறகுதான் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., ஜே.பி. நாயக் செயலராக இருந்த காலத்தில் பெண்கள் ஆய்வுக்குத் தனித் திட்டம் தொடங்கியது. 1980-ல் டெல்லியில் பெண்கள் வளர்ச்சி ஆய்வு மையம் பிறந்தது. 1981-ல் பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் முதல் தேசியப் பெண்கள் ஆய்வு மாநாடு நடந்தது; அடுத்த ஆண்டே இந்தியப் பெண்கள் ஆய்வுச் சங்கம் உருவானது. 1986 தேசியக் கல்விக் கொள்கையில் பெண்கள் ஆய்வு இடம்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பெண்கள் ஆய்வு மையங்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. சென்னையில் நடந்த ஒரு தேசிய மாநாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2017 ஜனவரியில் இந்தியப் பெண்கள் ஆய்வுச் சங்கத்தின் மாநாடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கூடியது.

அதே 2017-ல்தான், பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்ததும் பெண்கள் ஆய்வு மையங்களுக்கான பணம் தொடருமா என்ற கேள்வி எழுந்தது. நாடு முழுக்க ஆசிரியர்களும் மாணவிகளும் கடிதம் கடிதமாக அனுப்பினார்கள். பல மையங்களில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் வேலை செய்தார்கள். இந்த நிதி தானாக வந்ததும் இல்லை, தானாக நிற்கப் போவதும் இல்லை. கேட்பவர்கள் குறைந்தால் திட்டம் சுருங்கும். தீப்பெட்டி வாங்கும் பெண்ணும் வரி கட்டுகிறார். அவர் வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு அந்த வரியில் ஒரு பங்கு கேட்பது சலுகை இல்லை.

நீங்கள் யார் என்பதைப் பொறுத்து எந்தக் கதவு

பிஎச்.டி. மாணவியா? முதல் வழி யு.ஜி.சி.யின் தேசியத் தகுதித் தேர்வான நெட். பெண்கள் ஆய்வு அதில் தனிப் பாடம், எண் 74. பெண்கள் ஆய்வில் முதுகலை படித்தவர்களில்கூடச் சிலர் இது தெரியாமல் சமூகவியலிலோ வரலாற்றிலோ எழுதப் போகிறார்கள். அதில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. வயது தாண்டிவிட்டது என்று ஒதுங்கும் முன் அந்தத் தளர்வைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நெட் கைகூடவில்லை என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முனைவர் உதவித்தொகை இருக்கிறது. உடன்பிறந்தவர் இல்லாமல் வீட்டுக்கு ஒரே பெண் குழந்தை என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் யு.ஜி.சி. தரும் உதவித்தொகை. தமிழ்நாட்டில் முழுநேர ஆய்வாளர்களுக்கு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 25,000 ரூபாய், தகுதித் தேர்வு மூலம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் என்றால் மாநில ஆதிதிராவிடர் நலத் துறையின் முழுநேர பிஎச்.டி. ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம். ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது என்பது பொதுவான விதி. அதை மறைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆய்வை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு தளர்வும் உண்டு. வழிகாட்டியே "அப்படி ஏதும் இல்லையே" என்று சொன்னால், விதியை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். சண்டை வேண்டாம். தாள் போதும்.

ஆசிரியரா? ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அறிவிக்கும் சிறு ஆய்வுத் திட்டம், பெரும் ஆய்வுத் திட்டம் இரண்டும் உங்களுக்கானவை. முதல்முறை என்றால் சிறு திட்டத்தில் தொடங்குங்கள். பெரும் திட்டத்தில் மூன்று மாவட்டம், ஆயிரம் பேர் என்று எழுதிவிட்டு, வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டே அதை முடிப்பது மிகக் கடினம். தேசிய மகளிர் ஆணையமும் ஆய்வுகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் நிதி தருகிறது. அங்கே சட்டம், கொள்கை சார்ந்த கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். "இந்தச் சட்டம் இந்த மாவட்டத்தில் எப்படி நடக்கிறது" என்ற வகை ஆய்வென்றால் அந்தக் கதவைத் தட்டுங்கள். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திலும் ஆய்வு மானியத் திட்டம் உண்டு.

கருத்தரங்கு என்றால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். டெல்லி அலுவலகம் ஒரு வழி, ஐதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் அதன் தென்மண்டல மையம் இன்னொரு வழி. புதியவர்கள் மண்டல மையத்தை மறந்துவிடுகிறார்கள்.

பழைய பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உதவித்தொகைப் பட்டியல்' பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. அந்த ஆண்டின் அறிவிப்பைத் திறந்து, தொகையும் தகுதியும் கடைசித் தேதியும் அதில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

12(பி) என்றால் என்ன

1956 யு.ஜி.சி. சட்டத்தில் 2(எஃப்), 12(பி) என்று இரண்டு பிரிவுகள். 2(எஃப்) பட்டியலில் இருந்தால் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது. 12(பி) இருந்தால்தான் மத்திய நிதி வாங்கும் தகுதி. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். திட்டங்களும் இதைப் பார்க்கின்றன. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டால் தெரிந்துவிடும், யு.ஜி.சி. இணையதளத்திலும் பட்டியல் உண்டு.

இல்லை என்றால் இடிந்து போக வேண்டாம். தகுதியுள்ள அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கும் தோழி திட்ட இயக்குநராகவும், நீங்கள் இணை இயக்குநராகவும் சேர்ந்து விண்ணப்பிக்க முடியுமா என்று அறிவிப்பில் பாருங்கள். அப்படிச் சேரும்போது யார் களத்துக்குப் போவது, யார் எழுதுவது, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நட்பைக் காப்பாற்ற இது தேவை.

கேள்வியைக் கூர்மையாக்குவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் தலைப்பில் இருந்த சொல் இல்லை. அதில் கேள்வியே இல்லை. '... பெண்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்று கொடுத்திருந்தேன். 'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்புகளை மதிப்பீட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் பார்க்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. 'பீடித் தொழிலாளர் பெண்களின் நிலை' என்று தலைப்பு வைத்தால் கூலி, கடன், இருமல், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றிலும் ஒரு கேள்வி கேட்டு, எதிலும் ஆழம் இல்லாமல் முடியும்.

இப்போது மடியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். இலையை நனைத்து வைப்பது, வெட்டுவது, சுற்றுவது, கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது, அங்கே கழிவு என்று ஒதுக்குவதைத் திரும்ப வாங்கி வருவது. கூலி சுற்றி முடித்த பீடிக்கு மட்டும். பள்ளி விட்டு வந்த மகள் கட்டித் தருகிறாள். மாமியார் இலை வெட்டுகிறார். கூலிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் இருப்பது ஒருவர் பெயர். அடுப்பில் சோறு கொதிக்கிறது, கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் கேள்வி இது: ஆயிரம் பீடிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது, அது யார் யாருடைய நேரம், அதில் எவ்வளவு கூலிக் கணக்குக்குள் வருகிறது?

கேள்வி இவ்வளவு தெளிவானதும் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். ஏற்கெனவே என்ன தெரியும் என்ற பகுதிக்கு அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகள் இருக்கின்றன. 1998-99-ல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக எடுத்தார்கள். தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019-ல் நாடு முழுக்க எடுத்தபோது, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவழித்தது தெரிந்தது. இந்தத் தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரே கையும் ஒரே நேரமும் கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பங்கு போகும் வீட்டில் இந்த எண்ணிக்கை எப்படி இருக்கும்? நாடு தழுவிய சர்வே அந்த அளவுக்கு நெருங்கிப் போவது கடினம். உங்கள் ஆய்வு நிற்கப் போவது அந்த இடத்தில்.

சரி, தலைப்பில் 'பெண்ணியம்' போடலாமா? என் கருத்து: ஒளிக்க வேண்டாம், அலங்காரத்துக்கும் வைக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு உண்மையான வேலை இருப்பது ஆய்வுமுறைப் பகுதியில். நேரத்தை எப்படி எண்ணப் போகிறீர்கள், 'வேலை' என்பதை யார் சொல்லி முடிவு செய்வது, குடும்பத் தலைவர் என்று ஆணைக் கேட்காமல் ஏன் பெண்ணையே கேட்கிறீர்கள், கண்டதைத் திரும்ப அந்தத் தெருவுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று எழுதும்போது, பெண்ணிய ஆய்வுமுறை என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். அந்த நிலையில் அது ஓர் ஆய்வுக் கருவியாக நிற்கும். 'பெண்கள் முன்னேற்றம்' என்று மாற்றினால் கேள்வியும் மெல்ல மாறிவிடும் என்பதுதான் என் பயம். முன்னேற்றத்தை அளக்கப் போய், சுய உதவிக் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வந்துவிடுவோம்.

பட்ஜெட்: எண்களில்தான் நேர்மை தெரியும்

எந்தத் தலைப்பின் கீழ் எத்தனை சதவீதம் வரை என்று அறிவிப்பிலேயே வரம்பு இருக்கும். அந்த வரம்புக்குள் நின்று, ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்தில் கணக்குக் காட்டுங்கள். 'பயணம்: 60,000' என்று மொட்டையாகப் போடாமல், எத்தனை நாள், எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து எந்த ஊர், பேருந்தா வாடகை வண்டியா என்று விரிக்க வேண்டும்.

புதியவர்கள் விட்டுவிடும் செலவுகள் சில. பேட்டியை எழுத்தாக்குவது: நெல்லைப் பேச்சில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் ஒரு மணி நேரப் பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத ஒரு முழு வேலைநாள் போய்விடும். அதைச் சம்பளம் இல்லாமல் எம்.ஏ. மாணவிகளிடம் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊதியமில்லா உழைப்பைப் பற்றிய ஆய்வை ஊதியமில்லா உழைப்பின் மேல் கட்டக் கூடாது. கள உதவியாளர் ஊதியத்தில் இதைச் சேருங்கள்.

பதில் சொல்பவரின் கூலி இழப்பு இன்னொன்று. இரண்டு மணி நேரம் உங்களோடு உட்கார்ந்தால் அன்றைய எண்ணிக்கை குறையும், வாரக் கணக்கில் கை கடிக்கும். இதற்குத் தனித் தலைப்பு இருக்காது. களப்பணிச் செலவுக்குள், தலைக்கு இவ்வளவு ஈட்டுத்தொகை என்று காரணத்தோடு போடலாமா என்று அறிவிப்பைப் படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். கையெழுத்து வாங்கும் ரசீதில் பெண்ணின் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

இருட்டும் வரை களத்தில் நிற்க வேண்டியிருந்தால் உதவியாளருக்குத் தங்கும் இடமோ திரும்பி வர வண்டியோ வேண்டும். அது பாதுகாப்புச் செலவு. 'மிச்சம் பிடிக்கலாம்' என்று அதில் கை வைக்காதீர்கள். மடிக்கணினி, கேமரா என்று கருவிகளில் பாதிப் பணத்தைப் போடும் விண்ணப்பங்கள் மதிப்பீட்டாளருக்கு உறுத்தும்.

ஒப்புதல், நெறிமுறை, கையெழுத்துகள்

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழு உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். இல்லை என்றால் அருகிலிருக்கும் பல்கலைக்கழகக் குழுவை அணுக வேண்டும். அதற்கே இரண்டு மாதம் ஆகலாம்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், அதுவும் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில். 'தங்கள் தன்னார்வப் பங்கேற்பை உறுதி செய்கிறேன்' என்று எழுதினால் எழுதியவருக்கு மட்டும்தான் புரியும். 'பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நடுவில் எழுந்து போனாலும் உங்களுக்கு எந்த நஷ்டமும் வராது. பீடிக் கடைக்காரருக்கு நீங்கள் சொன்னது தெரியாது.' இப்படி எழுதி வாசித்துக் காட்டுங்கள். குடும்ப வன்முறை பற்றிய கேள்வி ஒன்றாவது இருந்தால், உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படிக்காமல் களத்துக்குப் போக வேண்டாம். பேட்டி தனிமையில் நடக்க வேண்டும். கணவரோ மாமியாரோ வந்து உட்கார்ந்தால் பேச்சை மாற்றுவதற்கு வேறொரு கேள்வித்தாள் கையில் தயாராக இருக்க வேண்டும். 181 மகளிர் உதவி எண், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் சகி மையம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் உதவியாளரிடமும் இருக்கட்டும். இதையெல்லாம் விண்ணப்பத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள். களம் தெரிந்தவர் எழுதியது என்று அந்த அரைப் பக்கம் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ஃபைல். துறைத் தலைவர், முதல்வர் அல்லது பதிவாளர் கையெழுத்து, முன்மொழிவுக் கடிதம், நிறுவன உறுதிமொழி, பி.எஃப்.எம்.எஸ். பதிவு விவரம். மத்திய அரசுப் பணம் இந்த பி.எஃப்.எம்.எஸ். வழியாகத்தான் வரும், கல்லூரிக் கணக்கு அதில் பதிவாகியிருக்க வேண்டும். ஒருமுறை என் ஃபைல் ஒரு மேசையில் பதினொரு நாள் கிடந்தது. கடைசித் தேதிக்கு முந்தைய மாலைதான் கையெழுத்து வந்தது. அதிலிருந்து, கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாக ஃபைலை நகர்த்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். எந்த நாளில் எந்த மேசைக்குப் போனது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்.

கருத்தரங்கு நடத்துவதாக இருந்தால்

பலர் செய்வது இதுதான்: தேதி குறித்து, விருந்தினரை அழைத்து, அழைப்பிதழ் அடித்துவிட்டு, பிறகு நிதிக்கு எழுதுகிறார்கள். தலைகீழ். பல மாதம் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். தேதியை நெகிழ்வாக வைக்க வேண்டும். கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு இரண்டு பட்ஜெட் தயார் செய்ய வேண்டும்.

வெளிநாட்டுப் பேச்சாளர் நேரில் வந்தால் 'சர்வதேசக் கருத்தரங்கு' ஆகிவிடும். அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் வேண்டும். பேச்சாளர் கருத்தரங்கு விசாவில்தான் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொல்வது அவரையும் உங்களையும் சிக்கலில் விடும். வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கேட்பார்கள். முதல் கருத்தரங்கு தேசிய அளவில் இருக்கட்டும்.

அரசுப் பணத்தில் விமானச் சீட்டு எடுப்பதாக இருந்தால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களில் ஒன்றில்தான் எடுக்க வேண்டும். பேச்சாளரே வேறு செயலியில் மலிவாக எடுத்துவிட்டு, தணிக்கையில் அந்தப் பணம் வராமல் நாம் கையிலிருந்து கொடுத்த கதைகள் நிறைய. அழைப்புக் கடிதத்திலேயே இந்த வரியைப் போட்டுவிடுங்கள்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பொன்னாடை, நினைவுப்பரிசு, பிரமுகர் வரவேற்பு என்று முதல் நாள் காலை முழுவதையும் கரைக்கும் கருத்தரங்குகளைப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தப் பணத்தில் பத்து ஆய்வு மாணவிகளுக்கு ரயில் கட்டணமும் தங்கும் இடமும் கொடுக்கலாம். குழந்தையோடு வருபவருக்கு ஓர் அறை, ஒரு பராமரிப்பாளர். சக்கர நாற்காலி ஏறும் மேடை. காது கேளாதவர் பதிவு செய்திருந்தால் சைகைமொழி பெயர்ப்பாளர். தமிழில் கட்டுரை படிக்க ஓர் அமர்வு, அதுவும் இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பிறகு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் இல்லாமல், முதல் நாளில். பீடி சுற்றுபவர்களைப் பற்றிய கருத்தரங்கு என்றால் தொழிற்சங்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணைப் பேச்சாளராகவே அழையுங்கள்; பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள். ஆண் பேச்சாளர்களுக்குக் கார், மாணவிகளுக்கு ஷேர் ஆட்டோ என்று ஏற்பாடு செய்துவிட்டு மேடையில் சமத்துவம் பேச முடியாது.

பணம் வந்த பிறகு

நிதி ஒதுக்கி வரும் ஒப்பளிப்பு ஆணையை வரிக்கு வரி படியுங்கள். தொகை தவணைகளாக வரும். அடுத்த தவணை, முந்தையதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான். எல்லோரும் யு.சி. என்று சொல்வது இதைத்தான். பொது நிதி விதிகள் 2017-ன்படி 12-ஏ படிவத்தில், நிறுவனத் தலைவர் கையெழுத்தோடு. பணம் வங்கியில் கிடந்த காலத்துக்கு வட்டி வந்தால் அது உங்களுடையது இல்லை, அரசுக்குத் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு தலைப்பில் மிச்சமானதை இன்னொன்றுக்கு மாற்ற முன் அனுமதி கேளுங்கள். செலவழித்துவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

ஒவ்வொரு செலவுக்கும் அன்றே வவுச்சர். டீக்கடையில் பில் கிடைக்காது என்றால் வெள்ளைத் தாளில் தேதி, தொகை, காரணம், கையெழுத்து. தெர்மல் தாளில் வரும் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், நகல் எடுத்து ஒட்டுங்கள். அறிக்கையைக் கொடுத்தபின் வரும் கடைசித் தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்; உதவியாளரின் கடைசிச் சம்பளத்தை அந்தத் தவணையில் வைக்காதீர்கள், அதை முன்தவணையிலேயே முடித்துவிடுங்கள்.

அறிக்கை மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை உண்டு, யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. நிதி தந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வரியும், கருத்துகள் ஆய்வாளருடையவை என்ற வரியும் போட வேண்டும். இரண்டாவது வரி உங்களுக்குப் பாதுகாப்பும்கூட. கண்டது அரசுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் மழுப்பாமல் எழுதுங்கள். 930 என்ற எண்ணை எழுதியவர்களும் அரசு அமைத்த குழுவில் இருந்தவர்கள்தான்.

கிடைக்காவிட்டால்

முதல்முறை கிடைக்காமல் போவது சாதாரணம். காரணம் சொல்லாமல் பட்டியல் மட்டும் வெளிவந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் விண்ணப்பத்தின் மதிப்பீட்டைக் கேட்கலாம். எல்லாவற்றையும் கொடுக்க மாட்டார்கள். கிடைக்கும் நான்கு வரியே அடுத்த முறைக்கு உதவும். அதே விண்ணப்பத்தைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் இருபது வீடுகளில் முன்னோட்டப் பேட்டி எடுத்து, கிடைத்ததை இரண்டு பக்கமாகச் சேருங்கள்.

தொலைபேசியில் கேட்ட அந்தப் பெண்ணின் கல்லூரிக்கு 12(பி) இல்லை. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் இருக்கும் ஒரு தோழியோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் தென்காசி மாவட்டத்தில் கடையம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் காலை ஆறு மணி முதல் இரவு எட்டு வரை உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு கோடு என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாராம். இலை வெட்டுவதை எந்தக் கட்டத்தில் குறிப்பது, 'வீட்டு வேலை'யா 'கூலி வேலை'யா என்று என்னைக் கேட்டார். சுற்றும் அந்த அக்காவையே கேளுங்கள் என்றேன். நாளை திரும்பப் போகிறார்.